மருந்து ஏறிய பிறகும் பரவிய சிவப்பு

காலுக்கு முன்னால் பல்தான் சேதி சொன்னது. உடம்பு தொட்டால் கொதிக்கிறது, எனக்கோ போர்வைக்குள் பல் தந்தியடிக்கிறது. மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் உடல் வெப்பத்தின் இலக்கைக் கூட்டிவிட்டால், அதை எட்டும்வரை உடம்பு குளிர்ந்து கிடப்பதாகவே எண்ணி நடுங்கும். தசைகள் அப்படித்தான் சூடு உண்டாக்குகின்றன. காய்ச்சல் 39 டிகிரி செல்சியஸைத் தாண்டி நிலைத்ததும் நடுக்கம் தானே ஓய்ந்தது.

விடிந்தபோது இடது கணுக்காலுக்கு மேல் சிவந்து, தோல் பளபளவென்று வீங்கியிருந்தது. தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தது. மருத்துவர் வீக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கால் விரல்களை விரித்துப் பார்த்தார். சேற்றுப்புண் வெடிப்பு! கிருமி நுழைந்த வாசல் அதுதான். ‘செல்லுலைட்டிஸ்’ என்றார். தோலின் ஆழத்திலும் அதன் அடியிலுள்ள கொழுப்பிலும் பரவும் பாக்டீரியா தொற்று; பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், சில சமயம் ஸ்டெஃபைலோகாக்கஸ். சிவப்பின் விளிம்பை ஒட்டிப் பேனாவால் கோடு போட்டார். அந்தக் கோடு என் நிம்மதியைக் கெடுத்தது.

ரத்தக் குழாய் வழியாக ஆன்டிபயாட்டிக் ஏறிய மறுநாள் காய்ச்சல் தணிந்தது. சிவப்போ கோட்டைத் தாண்டியிருந்தது. நான் பதறினேன்; மருத்துவர் பதறவில்லை. சாகும் கிருமிகளின் சிதைவுகளே அழற்சியை இன்னும் கிளறிவிடும், முதல் 48 மணி நேரத்துக்குள் சிவப்பு சற்றுக் கூடுவதுண்டு என்றார். கண்ணுக்குத் தெரிவதை மீறிய வலி, கருத்த திட்டு, கொப்புளம், மனக் குழப்பம், இவற்றில் எது தெரிந்தாலும் உடனே சொல்லச் சொன்னார். எதுவும் வரவில்லை.

அழற்சியின் அடையாளங்களான சிவப்பு, சூடு, வீக்கம், வலி என்ற நான்கையும் முதலாம் நூற்றாண்டிலேயே ரோமானியரான செல்சஸ் எழுதி வைத்திருக்கிறார். நான்குமே உடம்பின் கைவேலைதான். ரத்தக் குழாய்கள் விரிவதால் சிவப்பும் சூடும்; அவற்றின் சுவர் கசிவதால் வீக்கம். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களும் அந்தச் சுவரின் இடுக்குகள் வழியாகத்தான் தொற்றிடத்துக்குப் போகின்றன. புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற வேதிப்பொருள்கள் நரம்பு முனைகளைக் கூர்மையாக்குவதால், போர்வை உரசினாலே உயிர் போகிறது. காலைத் தலையணைகளின் மேல் இதய மட்டத்துக்கு உயர்த்தி வைத்ததில் கிடைத்த சுகம் எந்த மாத்திரையிலும் கிடைக்கவில்லை. கழிவறைக்குப் போகக் காலைத் தொங்கவிட்டால் போதும், ரத்தம் இறங்கி விண்விண்ணென்று தெறிக்கும்.

கோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அழற்சியின் அளவைக் காட்டும் சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனையை நம்பத் தொடங்கினேன். கல்லீரல் சுரக்கும் இந்தப் புரதம் வழக்கமாக லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குள் இருக்கும், எனக்கு 160. தூண்டுதல் நின்றால் ஏறத்தாழ 19 மணி நேரத்துக்கொரு முறை பாதியாகும் என்பதால், இறங்குமுகம் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. அழற்சியைக் காட்டும் இன்னொரு ரத்தப் பரிசோதனையான இ.எஸ்.ஆர். அப்படியல்ல, வாரக்கணக்கில் முரண்டு பிடிக்கும்.

சிவப்பு பழுப்பாகி, தோல் உரிந்தது. மாலையானால் கணுக்கால் இன்னும் லேசாக வீங்குகிறது. இந்நோய், திசுக்களில் தேங்கும் நீரை வடிக்கும் நிணநீர்க் குழாய்களைப் பழுதாக்குவதால் அதே காலில் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். அதனால் விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்துப் பூஞ்சைக்கொல்லிக் களிம்பு தடவுவது மட்டும் இன்னும் தொடர்கிறது.