அக்காவிடம் இருந்த சாவிகள்

மார்ச் 3, திங்கள்

இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தால் அக்கா வீடு பூட்டியிருந்தது. வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டதாம். மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். நாளைக்கு என் மகனைப் பள்ளியில் யார் விடுவது என்பதுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் அவளுக்கு வலிக்குமே என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 4, செவ்வாய்

அக்காவின் சாவிக்கொத்தில் ஏழு வீட்டுச் சாவிகள். எல்லாம் தெருவில் வேலைக்குப் போகிறவர்களுடையவை. யாருக்கு எந்த வாரம் ஷிஃப்ட் மாறும், எந்தப் பிள்ளைக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, கடைசி வீட்டுப் பெரியவருக்கு இன்சுலின் எத்தனை மணிக்கு, யார் யாரிடம் கைமாற்று வாங்கியிருக்கிறார்கள், யாரிடம் இப்போது கேட்கக் கூடாது, எல்லாம் அவளுக்கு மனப்பாடம். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். நோட்டில் மூன்று பக்கம் நிறைந்தது. தெருவே ஒருவருக்கொருவர் ஒத்தாசை என்று பெருமையாகப் பேசுவோம். ஒத்தாசை செய்தது பெரும்பாலும் இவள் ஒருத்திதான்.

மார்ச் 7, வெள்ளி

மைக்கேல் யங், பீட்டர் வில்மாட் இருவரும் கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீன் தொழிலாளர் குடும்பங்களைப் பற்றி 1957இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துப் படித்தேன். அங்கும் கல்யாணமான மகள்கள் அம்மா வீட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருந்து தினமும் போய் வந்திருக்கிறார்கள். நகருக்கு வெளியே புதுக் குடியிருப்புக்குப் போனவர்களுக்கு வசதியான வீடு கிடைத்தது. ஆனால் அம்மா தூரமாகிவிட்டாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எட்டிப்பார்க்க ஆளில்லை.

அங்கே அம்மா, இங்கே அக்கா. தம்பி நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறான். அவனிடம் ஒரு சாவிகூட இல்லை.

மார்ச் 8, சனி

தம்பியிடம் கேட்டேன். "சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனே" என்றான். யாருக்கு என்ன தேவை என்று பார்த்துவைத்து, நேரம் பார்த்து ஒருவரிடம் சொல்வதே பாதி வேலை என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டான்.

மார்ச் 10, திங்கள்

காலையில் தம்பியே வந்து மகனைக் கூட்டிப் போனான். போகும்போது பெரியவர் வீட்டுச் சாவியையும் வாங்கிக்கொண்டான்.

மார்ச் 13, வியாழன்

ராத்திரி தம்பி வந்து நோட்டைக் கேட்டான். பெரியவர் சில நாள் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாராம், சாவி உதவாது, பின்பக்க ஜன்னலைத் தட்ட வேண்டும். இது அக்காவுக்கே தெரியாது. நாலாவது பக்கத்தில் அவனே எழுதினான்.