மார்ஜினில் எழுதிய பெயர்கள்

நம் பள்ளிப் பழைய மாணவர் சங்கத்தின் இந்த ஆண்டு மலருக்கு, மனதில் நிற்கும் ஆசிரியரைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டார்கள். ஆசிரியர்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறீர்கள். எனக்குக் கணக்கு வந்ததில் பாதிப் பங்கு என்னோடு படித்தவர்களுடையது. நான் அவர்களைப் பற்றி எழுதுகிறேன்.

நாங்கள் பத்தாவது படித்தது 1982-83இல். தில்லியில் ஏஷியாட், அதாவது ஆசிய விளையாட்டுப் போட்டி, நடந்த வருடம். ஆர்.கே. புரம் அரசு ஊழியர் குவார்ட்டர்ஸில் யார் வீட்டில் டிவி இருந்ததோ அந்த வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்த நவம்பர் மாதம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அது டிசம்பர் 4ஆம் தேதியோடு முடிந்தது. மார்ச்சில் போர்டு தேர்வு.

எங்கள் செட்டில் பலருக்கு வீட்டில் கணக்கு சொல்லித்தர ஆளே கிடையாது. அதற்கு ஒரு காரணம் உண்டு, இன்றைய பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்காது. எங்களுக்கு முந்தைய தலைமுறை தில்லியில் படித்தது பதினோரு வருட ஹையர் செகண்டரி. எட்டாவது முடிந்ததும் பிரிவு எடுக்க வேண்டும். ஆர்ட்ஸ் பக்கம் போனவர்கள் பலர் கணக்கை அத்தோடு விட்டுவிட்டார்கள். அப்புறம் கோத்தாரி கல்விக் கமிஷன் சொன்ன 10+2, அதாவது பத்து வருடப் பள்ளி, மேலே பிளஸ் டூ இரண்டு வருடம் என்ற முறை வந்தது. 1977இல் மத்திய கல்வி வாரியமான சிபிஎஸ்இ முதல் பத்தாம் வகுப்புத் தேர்வை நடத்தியது. பிடிக்கிறதோ இல்லையோ, பத்தாவது வரை எல்லோரும் கணக்கு படித்தாக வேண்டும் என்று ஆயிற்று. என் அக்கா பழைய முறையில் ஆர்ட்ஸ் எடுத்து முடித்தவள். அம்மா ஊரில் எட்டாவதோடு நின்றவர். அப்பாவுக்கு வட்டிக் கணக்கு, சம்பளக் கணக்கு எல்லாம் வாயிலேயே வரும். ஆனால் உத்யோக் பவன் ஆபீஸிலிருந்து சார்ட்டர்டு பஸ் பிடித்து அவர் வீடு வந்து சேர ஏழு மணியாகும். எக்ஸும் ஒய்யும் அவர் பள்ளிக்கூடத்தோடு மறந்துவிட்ட சமாசாரம். இப்படி, மூத்தவர்கள் கைவிரித்த கணக்கை நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுத்தான் போட வேண்டியிருந்தது.

கேட்பதற்கு எங்கள் கணக்கு மிஸ் ஒரு விதி வைத்திருந்தார். வீட்டுப்பாடத்தில் தெரியாத கணக்கை யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம், தடையில்லை. யாரிடம் கேட்டோமோ அவர் பெயரை அந்தக் கணக்குக்கு நேரே மார்ஜினில் பென்சிலால் எழுத வேண்டும். மறுநாள் மிஸ் கூப்பிட்டால் இரண்டு பேரும் கரும்பலகைக்கு வர வேண்டும். போடுவது கேட்டவர். சொல்லித்தந்தவர் பக்கத்தில் நிற்பார், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. கேட்டவர் திணறினால் மிஸ் திரும்பிச் சொல்லித்தந்தவரைத்தான் பார்ப்பார், “நீ என்ன சொல்லிக் கொடுத்தே?” என்று.

இந்த ஒரு விதி வகுப்பையே மாற்றியது. காலையில் அசெம்பிளி மணி அடிப்பதற்குள் நோட்டை வாங்கி அவசர அவசரமாகக் காப்பியடிப்பது தானாக நின்றுபோனது. நோட்டைக் கொடுத்தால் கூடவே பலகைக்கும் போக வேண்டுமே! கேட்பதில் இருந்த வெட்கமும் போய்விட்டது. முதல் ரேங்க் வாங்குகிறவளின் மார்ஜினில்கூட இரண்டு மூன்று பெயர்கள் இருந்தன. அதைப் பார்த்த பிறகு யாருக்கு என்ன கூச்சம்?

என் நோட்டில் அதிகம் இருந்தது எதிர் பிளாக் தோழியின் பெயர். இந்த மலரை அவளும் படிக்கிறாள், பெயரைப் போடாதே என்று சொல்லிவிட்டாள். அவளிடம் போய் “புரியலடி” என்று மட்டும் சொன்னால் நோட்டைத் தொடவே மாட்டாள். “எந்த லைன் வரைக்கும் சரி?” என்பாள். அதைச் சொல்ல வேண்டுமானால் நான் முதலிலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு வர வேண்டும். பல நாள் அவள் வீட்டுப் படியேறும்போதே எந்த வரி என்று தெரிந்து, அங்கேயே நின்று போட்டு முடித்துத் திரும்பியிருக்கிறேன். அப்போதும் மார்ஜினில் அவள் பெயரைத்தான் எழுதினேன். அது அவளுக்குச் சேர வேண்டியது.

ஒரு குளிர்கால ஞாயிறு நன்றாக நினைவிருக்கிறது. குவார்ட்டர்ஸ் முன்னால் புல்லில் பாய் விரித்து, வெயில் நகர நகர நாங்களும் பாயை இழுத்துக்கொண்டே போவோம். நடுவில் வேர்க்கடலைப் பொட்டலம். ஒரு ரயில் 360 கிலோமீட்டரை ஒரே சீரான வேகத்தில் கடக்கிறது, வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர் கூடியிருந்தால் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்ந்திருக்கும், வேகம் என்ன? இதுதான் அன்றைய கணக்கு. வேகத்தை எக்ஸ் என்று வைக்கத் தெரிந்தது. 360ஐ எக்ஸால் வகுத்தால் பழைய நேரம், எக்ஸ் பிளஸ் 5ஆல் வகுத்தால் புது நேரம், அதுவும் சரி. எதிலிருந்து எதைக் கழிப்பது? அங்கே நின்றுவிட்டேன். அந்த வரியைக் காட்டினேன்.

அவள் கணக்கைப் பற்றியே பேசவில்லை. “லீவுக்கு ஊருக்குப் போறப்ப எது சீக்கிரம் போகும், தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ஸா ஜி.டி.யா?” என்று கேட்டாள். ஜி.டி. என்றால் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ்; இரண்டுமே சென்னை ரயில்கள்.

“தமிழ்நாடு.”

“அப்ப நேரம் எதுக்கு அதிகம்?”

“ஜி.டி.க்கு.”

“பெரிய நேரத்திலேர்ந்து சின்ன நேரத்தைக் கழி. ஒரு மணி வரும்.”

வேகம் பெரிதானால் நேரம் சிறிதாகும் என்பது வகுப்பில் பலமுறை கேட்டதுதான். எக்ஸ் பிளஸ் 5 கீழே உட்கார்ந்தால் அந்தப் பின்னம் சின்னதாகிவிடும் என்பது அன்றைக்குத்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

பக்கத்து செக்டாரிலிருந்து சைக்கிளில் வரும் பஞ்சாபிப் பையன் ஒருவன் இதற்குள் தலைகீழாகக் கழித்து வைத்திருந்தான். அவனுக்கு எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் 5 எக்ஸ் பிளஸ் 1800 என்று வந்தது. விடை உண்டா இல்லையா என்று சொல்லும் டிஸ்கிரிமினன்ட் போட்டுப் பார்த்தால் 25லிருந்து 7200 போகிறது, நெகட்டிவ், விடையே இல்லை. அவன் அழித்துவிடப் போனான். தோழி விடவில்லை. ஓடாத ரயிலுக்குக் கணக்கு இப்படித்தான் பதில் சொல்லும், அப்படியே இருக்கட்டும், மிஸ்ஸிடம் காட்டு என்றாள். மறுநாள் மிஸ் சரியான விடையைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லி, அதைத்தான் முதலில் பலகையில் போடச் சொன்னார்.

எங்களுக்கு வந்தது மைனஸ் 1800. பெருக்கினால் 1800, வித்தியாசம் 5 வரும் இரண்டு எண்கள் வேண்டும். நான் குத்துமதிப்பாகத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் 1800ஐப் பகா எண்களாக உடைத்து ஒரே வரியில் எழுதினாள்: மூன்று 2, இரண்டு 3, இரண்டு 5. ஆளுக்கு ஒரு 5 என்று பிரித்தாள். 2 எல்லாம் ஒரு பக்கம், 3 எல்லாம் மறுபக்கம். 40, 45. வேகம் 40, ஒன்பது மணி நேரம் எட்டாகிறது. மைனஸ் 45ஐச் சும்மா அடித்துவிட்டுப் போகவும் விடமாட்டாள். வேகம் நெகட்டிவாக இருக்காது, ஆகவே தள்ளுகிறோம் என்று ஒரு வரி எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் மார்க் போகும் என்பது ஒரு பக்கம். ஏன் தள்ளுகிறோம் என்று தெரியாமல் தள்ளக் கூடாது என்பது அவளுக்கு முக்கியம்.

பிப்ரவரியில் படிப்பு மலை மந்திருக்கு மாறியது. வீட்டில் தம்பி தங்கைகள் தொல்லை. செக்டார் 7இல் அந்தக் குன்றின் மேல் 1973இல் கும்பாபிஷேகம் ஆன கோயில், எங்களைவிட வயதில் சின்னது. “யாமிருக்க பயமேன்” என்று பெரிதாக எழுதியிருக்கும் இடத்தில், தரிசனம் முடித்துவிட்டுக் கல்லில் உட்கார்ந்து தேற்றம் ஒப்பிப்போம். பிரசாதம் வாங்க வந்த மாமி ஒருவர், தான் காலேஜில் கணக்கு எடுத்தவர் என்று சொல்லி, எங்களோடு உட்கார்ந்து வட்டத்தின் தொடுகோடுகளை நாலைந்து நாள் விளக்கினார். அவரையும் மார்ஜினில் எழுதினோம். பெயர் கேட்கத் தோன்றவில்லை, “கோயில் மாமி” என்றே எழுதினோம். மிஸ் டிக் போட்டார்.

எனக்குப் போர்டில் பெரிய மார்க் எல்லாம் இல்லை. நன்றாகவே தேறினேன், பிளஸ் டூவில் கணக்கை விடாமல் எடுத்தேன், இன்று சிட்னியில் ஒரு ஆய்வகத்தில் நாள் முழுக்க எண்களோடுதான் வேலை. எங்கேயாவது மாட்டிக்கொண்டால் பக்கத்து மேஜைக்குப் போய் “இந்த வரி வரைக்கும் சரி, இதிலிருந்து பார்” என்கிறேன்.

இப்போது நம் சங்கத்தில் பள்ளிக்கு என்ன செய்யலாம் என்று பேச்சு நடக்கிறது. பெரும்பாலோர் டியூஷன் கட்டணத்துக்கு உதவலாம் என்கிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. டியூஷனில் சொல்கிறவர் ஒருவர், மற்றவர்கள் எழுதிக்கொள்கிறவர்கள். கையிலிருக்கும் போன் கணக்கைப் படம் பிடித்தால் எல்லாப் படியையும் போட்டுக் காட்டிவிடுகிறது, ஆனால் எங்கே நின்றாய் என்று கேட்பதில்லை. 2020 தேர்விலிருந்து சிபிஎஸ்இ பத்தாவதுக் கணிதத்தை ஸ்டாண்டர்டு, பேசிக் என்று இரண்டாகப் பிரித்துத் தேர்வு வைக்கிறது. வேண்டும் என்று பேசிக் எடுக்கும் பிள்ளையைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கேட்க ஆளில்லாமல் பயந்து அதை எடுக்கும் பிள்ளையை நினைத்தால் மனசு கேட்பதில்லை.

ஆகவே ஒரு யோசனை. பள்ளி விட்ட பிறகு ஒரு மணி நேரம் ஒரு வகுப்பறையைத் திறந்து வைக்கச் சொல்வோம். ஒன்பதாவது, பத்தாவதுப் பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்து வீட்டுப்பாடம் போடட்டும். மேல் வகுப்பில் படிக்கிறவர்கள் இரண்டு பேர் கூட இருந்தால் போதும். மார்ஜினில் பெயர் எழுதும் பழக்கத்தையும் கொண்டுவரச் சொல்லலாம். செலவு மேற்பார்வைக்கு இருக்கும் ஆசிரியருக்கு ஒரு சிறு தொகை, பிள்ளைகளுக்கு மாலைச் சிற்றுண்டி. அடுத்த செயற்குழுவில் இதை எடுத்துப் பேசுங்கள். முதல் வருடச் சிற்றுண்டிச் செலவை நானும் எதிர் பிளாக் தோழியும் ஏற்றுக்கொள்கிறோம்.