செட்டிநாட்டில் குனிந்து பார்க்க வேண்டிய கற்கள்

செட்டிநாட்டு வீடுகளுக்குள் நுழைந்தால் எல்லோரும் பர்மா தேக்கைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். தரையைக் குனிந்து பாருங்கள். அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய படிவுப் பாறைக்கும், வெப்பமும் அழுத்தமும் பட்டு மாறிய உருமாறிய பாறைக்கும் இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. 10 மடங்கு பெருக்கும் கைலென்ஸ், எஃகு ஆணி, டார்ச், ஒரு எலுமிச்சம்பழம் போதும். லென்ஸைக் கல்லருகே பிடித்தால் ஒன்றும் தெரியாது. கண்ணை ஒட்டி வைத்துக்கொண்டு கல்லை லென்ஸை நோக்கிக் கொண்டுவர வேண்டும்.

கானாடுகாத்தானில் ஒரு வீட்டு முகப்பில் இத்தாலியச் சலவைக்கல் பாவியிருந்தால் டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடியுங்கள். கற்கண்டை உடைத்ததுபோல் மணிகள் பளிச்சிடும். இத்தாலியின் கராராச் சலவைக்கல் முதலில் ஜுராசிக் காலக் கடலடிச் சுண்ணாம்புப் படிவு. பின்னர் மலை எழும்போது வெப்பமும் அழுத்தமும் பட்டு, உருகாமலே மறுபடி படிகமானது. சிப்பிச் சுவடுகளெல்லாம் அதில் அழிந்துபோயின. அதே வீட்டு அடுப்படியில் கடப்பாக்கல் மேடை இருக்கும். அதுவும் சுண்ணாம்புக்கல்தான், ஆனால் உருமாறாதது. லென்ஸில் பார்த்தாலும் மணி தெரியாத மழமழப்பு. படிந்த அடுக்கு வழியே பலகையாகப் பிளக்கும். ஒரே கனிமத்தின் முன்னும் பின்னும் இப்படி ஒரே கூரைக்குள் கிடைப்பது அருமை.

எலுமிச்சைச் சாற்றை அந்தத் தரையில் மட்டும் விட்டுவிடாதீர்கள். மெருகு கரைந்து விழும் தழும்பு துடைத்தால் போகாது. வெளியே கிடக்கும் உடைந்த துண்டை ஆணியால் சுரண்டி, அந்தப் பொடிமேல் ஒரு சொட்டு விட்டால், சுண்ணாம்பு இருந்தால் லென்ஸில் குமிழ் தெரியும். இங்கே அடிக்கடி ஏமாற்றுவது பழைய சுண்ணாம்புப் பூச்சு. அது காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மறுபடி சுண்ணாம்புக்கல்லாகவே இறுகியிருக்கும். கருங்கல்லில் ஒட்டியிருந்தால் கருங்கல்லே பொங்குவதுபோல் தோன்றும். புது முகம் உடைத்துப் பார்த்தால்தான் சரி.

பாறை உடைந்த துகள்கள் சேர்ந்த சிதைவுப் படிவுகளை மணி அளவால் பிரிப்பார்கள். 2 மி.மீ.க்கு மேல் சரளை, அதற்குக் கீழே 1/16 மி.மீ. வரை மணல், அதனினும் பொடி வண்டலும் களிமண்ணும். புதைந்து அழுந்தி, இடைவெளியில் சிலிக்காவோ சுண்ணமோ இரும்புத் துருவோ பசையாக ஏறினால் பாறை. உருமாறியவற்றை ஏடு ஏடாக இருக்கிறதா இல்லையா என்று பிரிப்பார்கள். களிமண் பாறை சூடேறச் சூடேற ஸ்லேட், ஃபில்லைட், சிஸ்ட், நீஸ் என்று மாறும். சலவைக்கல்லிலும், மணற்கல் உருமாறிய குவார்ட்சைட்டிலும் ஏடு பிரியாது. அவற்றின் மணிகள் தகடாக வளர்வதில்லை.

திருமயம் பக்கக் குன்றுகளில் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை ஓடும் கல்லைக் கண்டதும் ‘படிவு’ என்று சொல்லிவிடுவார்கள். பட்டையை நம்பாதீர்கள், மணியைப் பாருங்கள். உருண்ட மணிகள், இடையில் பசை என்றால் படிவு. மணிகள் பல் கோத்ததுபோல் ஒன்றுக்குள் ஒன்று பின்னி, கறுப்பு மைக்கா (காக்காப்பொன்) ஒரே திசையில் படுத்திருந்தால் நீஸ். திருமயம் கோட்டையில் சுத்தியல் கூடாது. கீழே உதிர்ந்த சில்லே போதும்.

வயிற்றெரிச்சல் தருவது செம்புராங்கல்தான், யாரும் அதை மதிப்பதில்லை. புழுத் துளைத்ததுபோல் ஓட்டை விழுந்த, செங்காவி நிறக் கல். மதில், கிணற்றுச் சுவர் என்று எங்கும் இருக்கிறது. மழையும் வெயிலும் மாறி மாறி அடித்துச் சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு போக, இரும்பும் அலுமினியமும் இருந்த இடத்திலேயே எஞ்சியது இது. எங்கிருந்தோ வந்து படிந்ததல்ல. அதனால் எச்சப் பாறை என்று தனியே வைப்பார்கள். வெட்டும்போது மெத்தென்றிருக்கும், காற்றுப்பட இறுகும். ஸ்காட்லாந்து மருத்துவர் புக்கானன் கேரளத்து அங்காடிப்புரத்தில் பார்த்து, 1807-இல் வெளியான தன் பயண நூலில், செங்கலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து லேட்டரைட் என்று பெயரிட்டது இதற்குத்தான்.

ஒரு நாள் மிச்சமிருந்தால் சிவகங்கைப் பக்கம் போங்கள். அங்கே உருமாறிய பாறைகளுக்குள் கிராஃபைட் செதில் செதிலாக இருக்கிறது. தமிழ்நாடு கனிம நிறுவனம் அதை வெட்டி எடுக்கிறது. படிவில் புதைந்த உயிர்க்கரி கடும் வெப்பத்தில் இப்படித்தான் ஆகும். கறுப்பு மைக்காவும் இதே மாதிரி மினுங்கும் என்பதால் வெள்ளைத் தாளில் இழுத்துப் பாருங்கள். பென்சில் கோடு விழுந்தால் கிராஃபைட், விழாவிட்டால் மைக்கா.