லைட் எரிஞ்சா வாறோம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், திங்கள்சந்தை முக்கில் முன்னால் ஒரு பஸ், பின்னால் ஒரு பஸ், பக்கத்தில் வாழைக்குலை ஏற்றிய மினி லாரி என்று நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு லைட் எரிந்தது. ஒரு பெட்டி மாதிரி படம், அதற்குள் புள்ளி புள்ளியாக. வண்டி வாங்கி ஏழு மாதம்தான் ஆகிறது. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பின் சீட்டிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "அது என்ன மக்கா, கொசுவத்திப் பெட்டி மாதிரி இருக்கு?" என்றாள்.

இந்த வண்டி வந்த கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பழைய சின்ன கார் பதினோரு வருஷம் ஓடியது. அம்மா, நாங்கள் இரண்டு பேர், இரண்டு பிள்ளைகள், அப்புறம் மனைவியின் வீடு இருக்கும் குலசேகரத்திலிருந்து திரும்பும்போதெல்லாம் கூடவே வரும் சக்கை, மரச்சீனிக் கிழங்கு, ஒரு ஏத்தன் குலை. அந்தக் குலை எப்போதும் என் மகனின் மடியில்தான் உட்கார்ந்து வரும். குடும்பத்துக்குப் பெரிய வண்டி வேண்டும் என்று முடிவானது. பெரிய வண்டி என்றால் டீசல்தான் லாபம் என்று ஊரில் உள்ள எல்லா மாமாக்களும் சொன்னார்கள். பெட்ரோலைவிட லிட்டருக்கு எட்டு ஒன்பது ரூபாய் குறைவு, மைலேஜும் கூடுதல், கணக்கு போட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஷோரூம் பையன் சன்ரூஃப் திறப்பதைக் காட்டினான், பாட்டைச் சத்தமாக வைத்துக் காட்டினான், ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வண்டியின் நீளம் 4.3 மீட்டர். நான்கு மீட்டருக்குள் இருந்திருந்தால் வரி குறைவு. அந்த 30 சென்டிமீட்டருக்கும் சேர்த்து வரி கட்டி வாங்கி வந்து ஷெட்டில் விட்டால், சரியாக அந்த 30 சென்டிமீட்டர் வெளியே நிற்கிறது. பழைய காருக்குக் கட்டிய ஷெட் அல்லவா. வெளியே நிற்கும் அந்தப் பகுதிக்கு நேர் மேலே ஒரு தென்னை. "தென்னைக்குக் கண்ணு உண்டு மக்கா, ஆள் மேல விழாது" என்று அம்மா தைரியம் சொன்னாள். ஆள் மேல் விழவில்லை, உண்மைதான். பானெட்டில் இப்போது ஒரு சின்னக் குழி இருக்கிறது, மழை பெய்தால் காக்கா வந்து தண்ணீர் குடிக்கிறது.

அகலம் இன்னொரு கதை. மெயின் ரோட்டிலிருந்து வீட்டுக்கு வரும் முடுக்கு இரண்டு பக்கமும் காம்பவுண்டு சுவர், ஏழரை அடி. வண்டி கண்ணாடி இல்லாமலே கிட்டத்தட்ட ஆறடி. நுழைந்ததிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் சென்சார் பீப் பீப் என்று ஒப்பாரி வைத்துக்கொண்டே வரும், நான் ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டிக்கொண்டு வருவேன். பக்கத்து வீட்டு ஆச்சிக்குக் காது மந்தம். மூன்றாவது நாள் கையில் சட்டியோடு வெளியே வந்து நின்றாள். "நீயால? நான் மீன்காரன்னுல்லா நெனச்சேன்." அப்புறமும் இரண்டு தடவை வந்தாள். இரண்டாவது தடவை வெறுங்கையோடு அனுப்ப எனக்கே சங்கடமாக இருந்தது.

சரி, லைட்டுக்கு வருகிறேன். வீட்டுக்கு வந்ததும் சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டேன். போனை எடுத்தவர் கேட்ட முதல் கேள்வி, "சார், தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுறீங்க?"

வீட்டிலிருந்து தக்கலை ஆபீஸ், போக ஏழு வர ஏழு, பதினாலு கிலோமீட்டர் என்றேன்.

"அவ்வளவுதானா?" என்றார், சம்பளத்தைக் கேட்டதுபோல.

அவர் விளக்கியதை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் கார்களின் புகைக் குழாயில் ஒரு ஃபில்டர் இருக்கிறது, டி.பி.எஃப். என்கிறார்கள். புகையிலுள்ள கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்த கரியை அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்கவும் வேண்டும், அதற்கு உள்ளே 600 டிகிரி பக்கம் சூடு ஏற வேண்டும். தூரமாக, வேகமாக ஓடினால் அது தானாக நடந்துவிடும். ஏழு கிலோமீட்டரை இருபத்தைந்து நிமிடத்தில் உருட்டி எஞ்சின் சூடாவதற்குள் அணைத்துவிட்டால் கரி சேர்ந்துகொண்டே போகும், எரியவே எரியாது.

"என்ன சொல்லுதாரு?" என்றாள் அம்மா.

"வண்டிக்குள்ள ஒரு அரிப்பு இருக்காம், சாயா வடிக்கிற அரிப்பு மாதிரி. அது அடச்சிட்டாம்."

"அதுக்கு நல்லா தட்டி ஊத்தினா போவும்லா?"

தட்டி ஊற்றும் முறை இதுதான்: 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் குறையாமல் 25 நிமிடம், நிற்காமல் ஓட்ட வேண்டும். போனில் அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கன்னியாகுமரி மாவட்டத்தில் 60-இல் 25 நிமிடம் நிற்காமல் போகிற ரோட்டை எங்கே தேடுவது? சானல்கரை ரோட்டில் எதிரே ஒரு ஆட்டோ வந்தாலே யாராவது ஒருத்தர் ரிவர்ஸ் எடுத்தாக வேண்டும். நாகர்கோவில் பக்கம் போனால் பார்வதிபுரத்து நெரிசல், மேற்கே போனால் மார்த்தாண்டத்து நெரிசல். இந்த மாவட்டத்தில் இரண்டு ஊருக்கு நடுவில் இடைவெளி என்று ஒன்று கிடையாது, ஒரு ஊரின் கடைசி வீட்டுக் கொல்லையில்தான் அடுத்த ஊரின் போர்டையே நட்டிருக்கிறார்கள். ஆக, வண்டி வயிறு இளக வேண்டும் என்றால் ஆரல்வாய்மொழி தாண்டி திருநெல்வேலி மாவட்டத்துக்குத்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் மட்டும் போய் ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வருவதாகத்தான் ஏற்பாடு. ஐந்தேமுக்காலுக்கு வெளியே வந்து பார்த்தால் டிக்கியில் ஒரு மட்டிக்குலை, பத்துத் தேங்காய், ஒரு சாக்கு மரச்சீனி. முன் சீட்டில் மனைவி. பின்னால் அம்மா பட்டுச் சேலையில். "வள்ளியூர் வழியாத்தான போற, சித்தியப் பாத்து ரெண்டு வருஷம் ஆச்சு." பிள்ளைகள் ஏற்கனவே சன்ரூஃபைத் திறந்து வைத்திருந்தார்கள்.

தோவாளையில் பூ வாங்க நிற்க வேண்டும் என்றாள் மனைவி. அதுவரைக்கும் முள் 60-ஐத் தொடவே இல்லை என்பதால் நிறுத்தினேன். மல்லிகை, பிச்சி, கூடவே சித்திக்கு ஒரு முழம். ஆரல்வாய்மொழி தாண்டியதும் ரோடு திறந்தது. 65. மகன் செல்போனில் ஸ்டாப்வாட்சைத் தட்டினான். காற்றாலைக் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளுகிறது, உயரமான வண்டி என்பதால் லேசாக ஆட்டம் வேறு. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போகிறேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

"மக்கா, முப்பந்தல் வருது. நிப்பாட்டு."

அந்த ரோட்டில் போகும் ஆட்கள் பலரும் இசக்கியம்மன் கோயிலில் நிறுத்தி ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போவார்கள். எங்கள் வீட்டில் யாரும் இதுவரை நிறுத்தாமல் போனதில்லை. நான் ஸ்டாப்வாட்சைப் பார்த்தேன், அம்மாவைப் பார்த்தேன். "நிறுத்தினா முதல்ல இருந்து எண்ணணும்மா."

"இசக்கிக்கிட்ட போயி கணக்கு சொல்லுதியால?"

கோயில் பக்கத்தில் வந்துவிட்டது. எனக்கு பிரேக்கில் கால் போகவில்லை. அம்மா ஜன்னலை இறக்கி, காற்றில் சேலைத் தலைப்பு பறக்க, கையெடுத்துக் கும்பிட்டுச் சத்தமாகச் சொன்னாள்: "தாயே, திரும்பி வரும்போ நிப்பாட்டுதோம், கோவிக்காத. வண்டிக்கு வயிறு சரியில்ல!"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

காவல்கிணறு வருவதற்குச் சற்று முன்னால் ரோட்டை அடைத்துக்கொண்டு ஒரு ஆட்டு மந்தை. இருநூறு ஆடாவது இருக்கும். ஸ்டாப்வாட்ச் பத்தாவது நிமிடத்தில் இருந்தது. எல்லா ஆடும் போய், கடைசிக் குட்டி ஒன்று நடு ரோட்டில் நின்று பம்பரை முகர்ந்து பார்த்துவிட்டுப் போகிறவரை நின்றோம். அம்மா ஒன்றுமே சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது சொல்வதைவிட மோசமாக இருந்தது.

நாலுவழிச் சாலையில் ஏறி மறுபடி முதலிலிருந்து. பணகுடி போனது. வள்ளியூர் வரும்போது பதினாலு நிமிடம்தான் ஆகியிருந்தது, லைட் அப்படியே எரிகிறது. "ஏங்க, சித்தி வீடு தாண்டிட்டு" என்றாள் மனைவி. "தெரியும்" என்றேன். சித்திக்கு போன் போட்டு அம்மா, "இட்லிய ஊத்தி வச்சிராத, உங்க ஊரத் தாண்டிப் போயிட்டுத் திரும்பி வாறோம்" என்று சொல்ல, அந்தப் பக்கத்திலிருந்து என்ன பதில் வந்ததோ, "ஆமா, அவன் அப்படித்தான்" என்று முடித்தாள்.

நாங்குநேரி டோல்கேட் கண்ணுக்குத் தெரிந்தபோது இருபத்தாறு நிமிடம். லைட் அணையவில்லை. திரும்பிப் போகவும் வழியில்லை. கேட்டில் ஃபாஸ்டேக் பணம் எடுத்துக்கொண்ட மெசேஜ் டிங் என்று வந்தது, அடுத்த நொடி லைட் அணைந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் அந்த மெசேஜைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்சம் தள்ளி ஒரு சாயாக்கடையில் நிறுத்தினேன். பக்கத்தில் எங்கள் வண்டி மாதிரியே ஒன்று, டி.என். 75, எங்கள் மாவட்ட நம்பர், எஞ்சினை அணைக்காமல் நிற்கிறது. அதன் ஓனர் சாயா கிளாசோடு பானெட்டுக்குக் காது கொடுத்துக்கொண்டு நின்றார். என் நம்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"டீசலா?"

"டீசல்தான்."

"லைட்டா?"

"இப்பதான் அணைஞ்சிது."

குழித்துறைக்காரர். வீட்டு ஆட்கள் டாய்லெட் தேடிப் போயிருந்ததால் குரலைத் தணித்து விஷயத்தைச் சொன்னார். வண்டிக்காக இவ்வளவு டீசல் போட்டு இவ்வளவு தூரம் வருவது தெரிந்தால் வீட்டில் வறுத்தெடுத்துவிடுவார்களாம், அதனால் ஒவ்வொரு தடவையும் நாங்குநேரி வானமாமலை பெருமாளைச் சேவிக்கப் போகிறோம் என்று கூட்டி வருகிறாராம். "இது அஞ்சாவது தடவை. மாமனார் என்னை எல்லார்கிட்டயும் பெரிய பக்தன்னு சொல்லிட்டுத் திரியுதாரு." அந்தக் கோயிலில் ஒரு எண்ணெய்க் கிணறு உண்டு. டீசல்காரன் போக வேண்டிய கோயில்தான் என்று சொன்னேன், அவருக்குச் சாயா புரையேறிவிட்டது.

திரும்பும்போது கணக்கு போட்டேன், போடாமல் இருந்திருக்கலாம். என் ஓட்டத்துக்கு டீசல் விலையில் மாதம் மிச்சமாவது 260 ரூபாய். இந்த ஒரு நாளைக்கு டீசல் மட்டும் 800, டோல் தனி, தோவாளைப் பூ தனி.

சித்தி வீட்டில் இட்லி, மீன்குழம்பு, மதியம் தூக்கம். முப்பந்தலில் மறக்காமல் நிறுத்தினோம், அம்மா எலுமிச்சம்பழத்தை டயருக்கு வைக்காமல் பின்னால் புகைக் குழாய்க்குக் கீழே வைக்கச் சொன்னாள், அங்கேதானே கோளாறு என்று. வைத்து நசுக்கினேன்.

நேற்று ராத்திரி அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தாள். பாளையங்கோட்டையில் இருக்கும் மாமா வீட்டில் புது வீடு பால் காய்ப்பு, அடுத்த மாதம் எப்படியும் வர வேண்டும் என்று கூப்பிடுகிறார்கள்போல.

"வராம இருப்பமா? கண்டிப்பா வாறோம். தேதிதான் இப்பச் சொல்ல முடியாது, இன்னும் லைட் எரியல."