அந்தச் சுவரில்தான் சாய்ந்து உட்காருவோம்

தஞ்சாவூரை மூன்று நாள் சுற்றிப் பார்க்கும் திட்டம், செலவுக் கணக்கு, எந்த நேரத்தில் எங்கே கூட்டம் குறைவு, எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தச் சுவரைப் பற்றி முதலில் சொல்லாவிட்டால் எனக்கு மேலே கை ஓடாது.

தஞ்சாவூர்க்காரர்களுக்குப் பெரிய கோயில் சாயங்காலம் போய் உட்காரும் இடம். காற்று வாங்கப் போவோம், பரீட்சைக்குப் படிக்கப் போவோம், வீட்டில் சண்டை என்றாலும் போவோம். வெயிலோ மழையோ வந்தால் சுற்றிலும் ஓடும் திருச்சுற்று மாளிகைக்குள் ஒதுங்கிவிடலாம். அதன் தென்மேற்குப் பக்கச் சுவரில் பொடிப்பொடியாக எழுத்து வெட்டியிருக்கும். பள்ளிக்கூட நாட்களில் தோழிகளோடு அந்தச் சுவரில் சாய்ந்துதான் ஊர்க்கதை பேசுவேன். ஏதோ வடமொழி மந்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் கேட்டதில்லை.

சென்னையில் என்னோடு வேலை பார்க்கும் தோழி புனேக்காரி. டிசம்பர் கடைசி வார விடுமுறைக்கு அவள் கணவரும் பத்து வயது மகளும் வந்திருந்தார்கள். மூன்று பேரையும் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டாம் நாள் சாயங்காலம் கோயிலில் எல்லோரும் கால் வலிக்கிறது என்று அந்தப் பக்கம் ஒதுங்கினோம். தோழி சுவரைப் பார்த்தாள். பக்கத்தில் போனாள். விரலை எழுத்துகளுக்கு மேல் தொடாமல் நகர்த்திக்கொண்டே போனவள் சட்டென்று திரும்பி, “இது மராட்டி!” என்றாள்.

தேவநாகரி எழுத்தில் வெட்டிய மராட்டி. சிவாஜியின் தம்பி ஏகோஜி 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சையைப் பிடித்ததும், அவர் வழியில் வந்தவர்கள் 1855 வரை இங்கே இருந்ததும் எனக்குப் பாடப்புத்தகத்தில் படித்த அளவுக்குத் தெரியும். இரண்டாம் சரபோஜி தன் போன்ஸ்லே வம்சத்தின் கதை முழுவதையும் 1803-இல் இந்தச் சுவரில் வெட்டி வைத்தார் என்பதை அன்றைக்குத்தான் கூட வந்திருந்த அப்பா சொல்லித் தெரிந்துகொண்டேன். பழைய நடை என்பதால் அவள் திக்கித் திக்கித்தான் படித்தாள். நடுவில் ஷாஹாஜி என்று ஒரு பெயர் வந்தது, சிவாஜியின் அப்பா. அப்புறம் சிவாஜி. அந்தப் பெயர் வந்ததும் அவள் கணவர் செருப்பில்லாத காலைச் சேர்த்து நேராக நின்றார். உடனே போனை எடுத்து புனேயில் இருக்கும் தன் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டுச் சுவரைக் காட்டினார். அந்தப் பக்கம் பெரியவர் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரிந்தது.

மார்கழி மாதம், கோயில் முழுக்கக் கறுப்பு வேட்டி ஐயப்ப சாமிமார்கள். இவள் சத்தமாகப் படிப்பதைக் கேட்டு ஆறேழு பேர் நின்றுவிட்டார்கள். ஒருவர் என்னிடம், “என்னம்மா, இவங்க என்ன படிக்கிறாங்க?” என்று கேட்டார். சொன்னேன். “அட, இதுல கதையா இருக்கு!” என்று அவரும் சுவரைப் பார்க்க ஆரம்பித்தார். நெஞ்சு நிறைந்துபோனது எனக்கு. இருபது வருஷமாக முதுகைக் கொடுத்த சுவர்.

சரி, வரிசைக்கு வருகிறேன்.

எழும்பூரிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸ். ராத்திரி ஏறினால் விடியும் முன் தஞ்சாவூர். எங்களுக்கு நாலு பெர்த்தில் இரண்டுதான் ஒரே பெட்டியில் கிடைத்தது. விடுமுறை வாரத்தில் போகிறவர்கள் முன்பதிவு திறந்த அன்றைக்கே போட்டுவிடுங்கள்.

இறங்கியதும் ஆட்டோ. மருத்துவக் கல்லூரி சாலைப் பக்கம் எங்கள் வீடு. சாதாரணமாக 150 ரூபாய், பெட்டி இருந்தால் 180. அன்றைக்கு முதலில் போய்ப் பேசியது தோழியின் கணவர், இந்தியில். 400 என்று கேட்டிருக்கிறார் ஓட்டுநர். நான் பின்னால் வந்து, “அண்ணே, நான் இந்த ஊருதான்” என்றேன். கொஞ்சம் கூச்சமே இல்லாமல் 250-க்கு இறங்கினார். “லக்கேஜ் இருக்குல்லம்மா.” இருட்டு, குழந்தைக்குத் தூக்கம், கொடுத்துவிட்டு ஏறினேன். வழி முழுக்க எனக்கு ஆறவே இல்லை. வெளியூர்க்காரர் இந்த ஊரில் முதலில் பார்க்கும் முகம் ஆட்டோக்காரர் முகம்தான். அங்கேயே ஏமாற்றினால் ராஜராஜனைக் காட்டி என்ன பிரயோஜனம்? வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பெட்டி சுமை இல்லையென்றால் ஸ்டேஷனிலிருந்து பெரிய கோயில் நடக்கிற தூரம்தான். நடந்துவிடுங்கள்.

தங்குவதற்கு ஓட்டல் பார்க்கலாம் என்றாள் தோழி. சுமாரான ஓர் அறைக்கே ஒரு ராத்திரிக்கு 3,800 ரூபாய் சொன்னார்கள், அந்த வாரத்துக்கென்று ஏற்றிய விலை. அம்மா போனிலேயே சத்தம் போட்டாள்: “வீடு இருக்கறச்ச ஓட்டல் எதுக்கு?” மூன்று ராத்திரிக்குப் பதினோராயிரத்துக்கு மேல் மிச்சம். அந்தத் தெம்பில்தான் மற்ற செலவையெல்லாம் செய்தோம்.

கோயிலுக்கு முதல் நாளே மதியம் மூன்றரை மணிக்குப் போய்விட்டோம். கருவறை நாலு மணிக்குத்தான் திறக்கும், பிரகாரத்தில் சுற்றலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது. வழக்கமாக விருந்தாளிகளுக்குச் சொல்வதையே இவர்களுக்கும் சொல்லிக்கொண்டு போனேன்: 200 அடிக்கும் மேலான உயரம், கோபுர நிழல் தரையில் விழாது. ராஜராஜன் திருவாயிலைத் தாண்டி உள்ளே வந்ததும் சின்னவள் ஓடிப்போய் விமானத்துக்குக் கிழக்குப் பக்கம் ஓரிடத்தில் நின்று இரண்டு கையையும் விரித்தாள். “ஆன்ட்டி, நிழல் இங்கே இருக்கு. நான் அதுக்குள்ளதான் நிக்கிறேன்.”

நிழல் நீளமாக, தெளிவாக விழுந்திருந்தது. அதற்குள்தான் எல்லோரும் வெயிலுக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்தார்கள். சின்ன வயதில் நானும் அதே நிழலில் உட்கார்ந்துகொண்டுதான் நிழல் விழாத கோயில் என்று பெருமை பேசியிருக்கிறேன். இந்தக் கோயிலுக்கு அந்தப் பொய் எதற்கு? அவள் அப்பா கட்டடப் பொறியாளர். அவர் கேட்டது ஒரே கேள்வி: “இங்கே பாறை எங்கே இருக்கு?” இல்லை. இது காவிரிச் சமவெளி. இந்தக் கருங்கல் அத்தனையும் பல மைல் தூரத்திலிருந்து வந்தது. அவர் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். “எங்க பக்கம் கார்லா, பாஜா குகைகளுக்கு மலையைக் குடைஞ்சாங்க. இங்க மலையே இல்லாத ஊருக்கு மலையைக் கொண்டுவந்திருக்காங்க” என்றார். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த யாரும் என்னிடம் இப்படிச் சொன்னதில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் அந்த மராட்டிச் சுவரைப் படித்து முடிக்காமலே இருட்டத் தொடங்கியது. அப்போது தோழி, விமானத்தின் அடிப்பகுதியில் வரிவரியாக ஓடும் எழுத்தைக் காட்டி, “இது உன் பாஷைதானே? நீ படி” என்றாள்.

எனக்குப் படிக்க வரவில்லை. க தெரிந்தது, ப தெரிந்தது, ட தெரிந்தது. சேர்த்தால் ஒன்றும் வரவில்லை. 200 வருஷத்து எழுத்தை அவள் படித்துவிட்டாள். 1,000 வருஷத்து என் தமிழ் எனக்கு எதிரே நிற்கிறது, என்னால் முடியவில்லை. தொண்டை அடைத்தது. பள்ளிக்கூடத்திலிருந்து எத்தனை தடவை எங்களை இங்கே வரிசையாகக் கூட்டி வந்திருப்பார்கள். தலையை எண்ணுவார்கள், திருப்பிக் கூட்டிப்போவார்கள். ஒரு எழுத்துகூட யாரும் காட்டித் தந்ததில்லை. அந்தக் கோபம் இதை எழுதும்போதும் இருக்கிறது.

அப்பாவுக்கு இதில் கொஞ்சம் பழக்கம் உண்டு. ஓய்வு பெற்ற பிறகு அங்கே இங்கே கேட்டுக் கற்றுக்கொண்டார். நான்தான் காது கொடுத்ததில்லை. அவர் குனிந்து விரலைக் காட்டினார். “புள்ளி இருக்காதும்மா. அதை நாமளே வெச்சுப் படிக்கணும். இங்க பாரு, உ… டை… யா… ர்.” உடையார். அவர் சொன்னதும் எழுத்து அப்படியே கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. உடையார் ஸ்ரீராஜராஜீஸ்வரமுடையார். அப்புறம் அவரே சொன்னார்: ராஜராஜன் தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாள், அதாவது 1010-இல், விமானத்துக்குச் செப்புக் கலசம் கொடுத்தது நாள் கணக்கோடு இருக்கிறது. கோயிலில் ஆடப் பல ஊர்களிலிருந்து வரவழைத்த 400 பெண்களின் பெயர்கள், ஒவ்வொருத்தியும் எந்தத் தெருவின் எந்தச் சிறகில், அதாவது எந்தப் பக்க வரிசையில், எத்தனையாவது வீட்டில் இருந்தாள் என்பது வரை வெட்டியிருக்கிறது. நான் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல, சின்னவள் கேட்டாள்: “வீட்டு நம்பர் கூடவா?” ஆமாம், வீட்டு நம்பர் கூட.

மூன்றாம் நாள் அரண்மனை. சரஸ்வதி மகால் நூலகத்தில் மோடி என்ற பழைய மராட்டிக் கையெழுத்து முறையில் எழுதிய ஆவணங்கள் குவிந்திருக்கின்றன என்றதும் தோழியின் கணவர், தாத்தா வீட்டு நிலப் பத்திரங்கள் மோடியில்தான் இருந்தன என்றார். கலைக்கூடத்தில் மட்டும் இரண்டு மணி நேரம் ஆனது. அதற்குக் காரணம் ஒரே ஒரு சிலை. திருவெண்காட்டில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த ரிஷபவாகனர், 1011-ஐ ஒட்டிச் செய்தது. தலையில் முடியையே தலைப்பாகை மாதிரி சுருட்டி, ஒரு கையை ரிஷபத்தின் மேல் போட்டபடி நிற்கிறார். ஆனால் ரிஷபம் இல்லை. கை வெறும் காற்றின் மேல் கிடக்கிறது, ஆனாலும் அந்தக் கையில் ஒரு சாய்மானம், ஒரு பாரம் தெரிகிறது. சின்னவள் சற்று நேரம் பார்த்துவிட்டு, அதே மாதிரி கையை வைத்துக்கொண்டு நிற்கப் பார்த்தாள். முடியவில்லை, கை நடுங்கியது. தன் அம்மாவை இழுத்து வந்து குனிய வைத்து, அவள் முதுகில் கையைப் போட்டாள். “இப்போ சரியா இருக்கு.” காவலுக்கு நின்ற அம்மாகூடச் சிரித்துவிட்டார்.

வெளியே தலையாட்டிப் பொம்மை, ராஜா ராணி ஜோடி. 600 ரூபாய் சொல்லி 450-க்கு வந்தார் கடைக்காரர். சின்னவள் ராஜாவைத் தள்ளித் தள்ளி விட்டாள், அது ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்றது. பட்ஜெட்டைத் தாண்டிய செலவு இது ஒன்றுதான்.

சாயங்காலம் திருவையாறு. காருக்கு 1,500 கேட்டார்கள், வேண்டாம் என்று பழைய பேருந்து நிலையத்தில் டவுன் பஸ் ஏறினோம். கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம், ஒற்றைக் காலில்தான் நின்றேன். கண்டக்டர் எங்கள் மூன்று பேருக்கும் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, தோழியின் கணவரிடம் மட்டும் காசு வாங்கினார். “எங்க ஊர்ல பெண்களுக்குப் பாதி டிக்கெட். இங்க முழுசும் இலவசமா?” என்று தோழிக்கு ஆச்சரியம். வழியில் சின்னவளிடம் ஆறுகளை எண்ணச் சொன்னேன். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. பத்துப் பதின்மூன்று கிலோமீட்டருக்குள் ஐந்து ஆறு, ஐந்திலும் தண்ணீர், இரண்டு பக்கமும் சம்பாப் பயிர். நாலாவது பாலத்தில் முன் சீட்டுப் பாட்டியும் எங்களோடு சேர்ந்து எண்ண ஆரம்பித்துவிட்டார்.

அசோகா அல்வாவைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். பாசிப்பருப்பை வேகவைத்து, கோதுமை மாவும் சர்க்கரையும் நெய்யும் போட்டுக் கிண்டியது. சூடாக, நெய் விரலில் வழிய வழியத் தின்ன வேண்டும், கூடவே கொஞ்சம் காரம். தோழி முதல் வாயிலேயே, “மூங் டால் ஷீரா! ஆனா இது வழுக்கிக்கிட்டுப் போகுது” என்றாள். இரண்டாவது தடவை வாங்கினோம். வீட்டுக்கு அரைக் கிலோ. எல்லாம் சேர்த்தும் 400 தாண்டவில்லை. ஆட்டோக்காரர் முதலில் கேட்ட அதே 400.

ஊருக்குக் கிளம்பும்போது தோழியின் கணவர் அப்பாவிடம் ஒன்று கேட்டார்: படிக்காமல் விட்ட பகுதியைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா, புனேயில் பெரியவர் காத்துக்கொண்டிருக்கிறார் என்று. அப்பாவுக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இப்போது இருவரும் வாட்ஸ்அப்பில் படமாகவே பேசிக்கொள்கிறார்கள். நேற்றும் சாயங்காலம் அப்பா கோயிலுக்குப் போய்ப் பதினோரு படம் அனுப்பியிருக்கிறார். இரண்டில் எழுத்து சரியாக விழவில்லையாம். இன்றைக்கு வெயில் சாய்வதற்கு முன்னாலேயே கிளம்பிவிட்டார்.