மாமனாரின் புல்லட்டும் டம்ளர் சைஸ் ஃபில்டரும்

என் மாமனாரிடம் 1986 மாடல் புல்லட் 350 ஒன்று இருக்கிறது. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். கும்பகோணத்தில் கோயிலுக்கும் காய்கறிக் கடைக்கும் தவிர அதை அவர் வேறெங்கும் எடுப்பதில்லை. "இனிமே நீங்க ஓட்டுங்க மாப்பிள்ளை" என்று சாவியைக் கொடுத்தவர், கூடவே ஒரு புகாரையும் கொடுத்தார். டேங்குக்கு அடியில் இருக்கிற பெட்ரோல் டேப்பை மூட மறந்தால் காலையில் வண்டிக்கு அடியில் பெட்ரோல் சொட்டியிருக்கிறதாம்.

பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தருகிற கார்புரேட்டரைப் பிரித்தால், பெட்ரோல் தேங்கி நிற்கிற ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் செக்கச்செவேல் என்று துருத்தூள். டேங்கில் எப்போதும் கால்வாசிதான் பெட்ரோல் இருக்கும். மீதி இடமெல்லாம் ஈரக்காற்று, பிறகு துருப்பிடிக்காமல் என்ன செய்யும்? இப்போது பங்கில் ஊற்றுகிற 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு ஈரத்தைச் சேர்த்துக்கொள்ளும். கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோல் வரும் வழியை அடைக்க ஒரு நீடில் உண்டு. அந்தத் தூள் போய் நீடில் உட்காரும் இடத்தில் சிக்கினால் வழி மூடாது, பெட்ரோல் வழியத்தான் செய்யும். டேப்பில் இருக்கிற வலை பெரிய செதில்களை நிறுத்தும், மாவு மாதிரி வருவதை விட்டுவிடும்.

டேங்கைக் கழற்றிச் சுத்தம் செய்த கதை தனிக் கதை, விடுங்கள். துரு அப்பிய டேங்கை அப்படியே வைத்துக்கொண்டு ஃபில்டர் போட்டால், அதுவும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். மிச்சம் மீதி வருகிற தூளுக்காக, டேங்கிலிருந்து கார்புரேட்டருக்குப் போகிற ட்யூபின் நடுவே ஒரு ஃபில்டர் போடலாம் என்றேன்.

"நாங்க வேட்டித் துணியில வடிகட்டி ஊத்துன வண்டி மாப்பிள்ளை இது" என்று சிரித்தார். மறுநாள் அவரே கடைக்குப் போய் ஒன்று வாங்கி வந்தார். காருக்குப் போடுகிற, உள்ளே காகித மடிப்பு வைத்த ஃபில்டர். எவர்சில்வர் டம்ளர் சைஸ் இருந்தது.

"வாங்குறதுன்னு ஆச்சு, பெரிசா வாங்க வேண்டியதுதானே?"

காரில் பெட்ரோலைத் தள்ள பம்ப் இருக்கிறது. இந்த வண்டியில் டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே, நடுவே ஓரடி உயரம்கூட இல்லை. அந்த உயரம் தருகிற அழுத்தம், பழைய கார் பம்ப் தருவதில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். காகிதத்துக்குள் காற்று மாட்டிக்கொண்டால் அதைத் தள்ள ஆளில்லை. இதையெல்லாம் மாமனாரிடம் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. பரணிலிருந்து பாப்பாவின் பழைய கண்ணாடிப் பால் புட்டியை எடுத்தேன். அதில் மில்லி கோடு இருக்கிறதே!

கணக்கு எளிது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம், லிட்டருக்கு 30 கிலோமீட்டர் மைலேஜ் என்று வைத்தால் மணிக்கு 2 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 33 மில்லி வேண்டும். மேடேற, முந்திப் போக என்று அதைப்போல மூன்று நான்கு மடங்கு வந்தால் நிம்மதி. எஞ்சின் ஆறிய பிறகு, ட்யூபைக் கார்புரேட்டரிலிருந்து உருவிப் புட்டியில் விட்டேன். டம்ளர் ஃபில்டர் வழியே வந்தது சொட்டு மருந்து. நான் வாங்கி வைத்திருந்த சின்ன நைலான் வலை ஃபில்டரை மாட்டியதும் தாராளமாக ஓடியது. மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கோட்டைப் பார்த்தார். என் மனைவி புட்டியைப் பார்த்தாள். அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

மாட்டுவதில் கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். ஃபில்டரின் மேல் இருக்கிற அம்புக்குறி கார்புரேட்டரைப் பார்க்க வேண்டும். ட்யூப் பெட்ரோலுக்கென்றே விற்கிற ரப்பர் ட்யூபாக இருக்கட்டும். மீன் தொட்டிக்குப் போடுகிற, கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் ட்யூப் பார்க்க அழகாக இருக்கும், பெட்ரோல் பட்டுப் பட்டு விறைத்துப் போய் ஒருநாள் விரிசல் விட்டுவிடும். எங்கேயும் மடங்காமல், மேலேறிக் கீழிறங்காமல், சிலிண்டரைத் தொடாமல் போக வேண்டும். இரண்டு பக்கமும் கிளிப். அவ்வளவுதான்.

ஃபில்டருக்குள் பாதிக்கு மேல் காற்றாகத் தெரிந்ததைப் பார்த்து எதிர்வீட்டு சார் பதறினார். தானாக இறங்கி வருகிற பெட்ரோலில் அப்படித்தான் இருக்கும். வண்டி ஒழுங்காக ஓடுகிற வரை அதைப் பார்க்கவே வேண்டாம்.

சுவாமிமலைக்குக் கிளம்பினேன். திருவலஞ்சுழி தாண்டுவதற்குள் வண்டி இருமி நின்றது. டீக்கடையிலிருந்து மூன்று நிபுணர்கள் எழுந்து வந்தார்கள். ஒருவர் பாயின்ட் என்றார், ஒருவர் பிளக் என்றார். மூன்றாமவர் ஃபில்டரைத் தட்டிப் பார்த்து, "இதைத் தூக்கி எறிங்க தம்பி" என்றார். மாமாவுக்கு போன் போட்டேன். "பிள்ளையாரைக் கும்பிடாம பாற்கடல் கடைஞ்ச தேவர்களுக்கே தடங்கல் வந்துச்சு, அப்புறம் அவங்க கும்பிட்ட பிள்ளையார் இருக்கிற ஊரு அது. ஃபில்டர்தான், நான் அப்பவே சொன்னேன்."

டேங்க் மூடியைத் திறந்தேன். புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. ஒரு உதையில் வண்டி கிளம்பியது. பெட்ரோல் இறங்க இறங்க மேலே காற்று நுழைய வேண்டும், அதற்கு மூடியில் ஒரு ஊசித்துளை உண்டு. துளை இருந்தது. அதன்மேல், சைக்கிள் ட்யூபில் வட்டமாக வெட்டிய புது வாஷர் ஒன்று கச்சிதமாக ஒட்டியிருந்தது.

மாமா தன் மொபெட்டில் வந்து சேர்ந்தார். வாஷரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூடி லூசா இருந்துச்சு, உங்ககிட்ட கொடுக்கிறோமேன்னு போன வாரம்தான் போட்டேன். நல்ல ட்யூப் மாப்பிள்ளை, சொட்டு ஒழுகாது."

"அதான் மாமா, காத்தும் போகல."

சட்டையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி வாஷரில் ஒரு ஓட்டை போட்டார். மூடியை மாட்டினார். அப்புறம் "நானே ஓட்டிப் பாக்கிறேன்" என்று புல்லட்டில் ஏறி சுவாமிமலைப் பக்கம் போயே விட்டார். எனக்கு மொபெட். அதில் பெட்ரோல் ரிசர்வில் இருந்தது.