தரையிலிருந்து எழுந்திருப்பது

போன வருடம் ஐப்பசியில் அம்மாவின் மூன்றாம் வருடத் திதி. மதியம் எல்லோரும் கூடத்தில் தரையில் உட்கார்ந்து இலை போட்டுச் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்ததும் அப்பா எழுந்தார். சம்மணம் போட்ட காலை மாற்றவில்லை. உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தார், எழுந்தார், கை கழுவப் போய்விட்டார். எனக்கு வலது கை எச்சில். இடது கையைத் தரையில் ஊன்றிப் பார்த்தேன், முடியவில்லை. கடைசியில் தம்பியின் தோளைப் பிடித்துத்தான் எழுந்தேன். அப்பாவுக்கு அப்போது 79 வயது, எனக்கு 51.

அதே மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.1 சதவீதம் என்று வந்திருந்தது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. "வாக்கிங் போறேனே டாக்டர்" என்றேன். "போங்க, நல்லதுதான். ஆனா தொடைக்கு என்ன வேலை குடுக்கறீங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட பரிந்துரையில் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு என்பதோடு, வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் சேர்ந்தே இருக்கிறது. முதல் பாதி எனக்கு மனப்பாடம். இரண்டாவது பாதியை அதுவரை கேள்விப்பட்டதே இல்லை.

தசை சுருங்கி வேலை செய்யும்போது, இன்சுலின் இல்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று அவர்தான் விளக்கினார். உடம்பின் பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் இருக்கின்றன. நான் அவற்றின் மேல் நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்திருக்கிறேன்.

அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டர். பல வருடம் திருச்சியில் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் இடையில் ஓடிய டவுன் பஸ். காவிரிப் பாலத்தில் பஸ் குலுங்கும்போது எதையும் பிடிக்காமல், இரண்டு கையாலும் டிக்கெட் கிழித்துக்கொண்டு நிற்பார். லண்டன் பஸ்களைப் பற்றிய ஓர் ஆராய்ச்சியைப் படித்தபோது அந்தக் காட்சிதான் எனக்கு நினைவுக்கு வந்தது. ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் 1953ல் வெளியிட்டது. மாடி பஸ்களில் நாள் முழுக்கப் படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட மாரடைப்பு குறைவாக வந்ததை அவர் கண்டார். டிரைவர்கள் வேலைக்குச் சேரும்போதே பருமனாக இருந்தார்களோ என்ற சந்தேகத்தையும் அவர் விடவில்லை. சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்து, இடுப்புச் சுற்றளவு அவர்களுக்குக் கூடுதலாகவே இருந்தது என்று 1956ல் எழுதினார். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது. மாரிஸ் 99 வயது வரை வாழ்ந்தார். இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். "டிரைவருங்க பாவம்மா, இன்ஜின் சூட்டுல உக்காந்தே கெடப்பாங்க" என்றார்.

சரி, என்ன செய்வது? ஜிம்முக்குப் போக எனக்கு நேரமும் இல்லை, மனமும் இல்லை. வீட்டில் நாமே எடுத்துவிட்ட சிரமங்களில் சிலவற்றைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று தோன்றியது. எல்லாவற்றையும் இல்லை. அம்மா ஆட்டுக்கல்லில் மாவாட்டிய காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஓய்வில்லாத அந்த வேலையில் அவளுடைய தோளும் இடுப்பும் தேய்ந்ததைப் பார்த்தவள் நான். கிரைண்டர் இருக்கட்டும். நானாக அளந்து எடுத்துக்கொள்ளும் சிரமம் வேறு.

முதலில் இரவுச் சாப்பாட்டைத் தரைக்கு மாற்றினேன். மூட்டுத் தேய்மானம் இல்லை என்று மருத்துவரிடம் உறுதிசெய்துகொண்ட பிறகுதான். ஆரம்பத்தில் உயரமான மணைப்பலகை, அப்புறம் இரண்டு ஜமக்காளம், அப்புறம் ஒன்று. வெறும் தரைக்கு வர நாலு மாதம் ஆனது. சாப்பிட்டதும் மாடிப்படியில் ஒருமுறை இறங்கி ஏறுவேன். எங்கள் வீடு மூன்றாவது மாடி, 54 படி. காந்தி மார்க்கெட்டில் காய் வாங்கினால் இரண்டு ஒயர் கூடையில் சமமாகப் பிரித்து, இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு அந்தப் படியிலேயே ஏறுகிறேன். ஒரே கூடையில் எல்லாவற்றையும் போட்டால் ஒரு பக்க இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை மலைக்கோட்டை. அடிவாரத்தில் மாணிக்க விநாயகர், நடுவில் தாயுமானவர், உச்சியில் பிள்ளையார். நானூறுக்கு மேல் படிகள், வெறுங்கால். முதல் வாரம் ஐந்து இடத்தில் உட்கார்ந்தேன். தாயுமானவர் சந்நிதிக்குப் போவதற்குள் நெஞ்சு படபடத்தது. ஆனால் ஏறியதைவிட இறங்கியதுதான் வேலையைக் காட்டியது. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே நம் எடையைப் பிடித்து நிறுத்துகிறது. அந்த வலி உடனே தெரியாது, திங்கட்கிழமை தெரியும், செவ்வாய்க்கிழமை இன்னும் நன்றாகத் தெரியும். இப்போது ஒரே இடத்தில் நின்று மூச்சு வாங்கிவிட்டு மேலே போய்விடுகிறேன். உச்சியில் அந்தக் காற்றில் நின்று ஒரு பக்கம் காவிரியையும் தூரத்தில் ரங்கநாதரின் ராஜகோபுரத்தையும் பார்க்கிற ஐந்து நிமிடத்துக்காகவே அடுத்த ஞாயிறும் கால் தானாகக் கிளம்புகிறது. இதய நோயோ மூட்டு வலியோ இருப்பவர்கள் மட்டும் தயவுசெய்து மருத்துவரைக் கேட்காமல் ஏறாதீர்கள்.

பிரேசிலைச் சேர்ந்த கிளாடியோ அராவுஜோ என்ற மருத்துவர் தரையில் உட்கார்ந்து எழுவதையே ஒரு சோதனையாக வைத்தார். உட்கார 5, எழ 5, மொத்தம் 10 மதிப்பெண். கையோ முழங்காலோ ஊன்றினால் ஒவ்வொரு முறையும் ஒன்று போய்விடும், தடுமாறினால் அரை. 51 முதல் 80 வயது வரையான 2,002 பேரைச் சில வருடங்கள் தொடர்ந்து பார்த்ததில், குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களில் இறப்பு அதிகமாக இருந்தது. 2012ல் வெளியானது. தரையில் உட்கார்ந்து எழுந்தாலே ஆயுள் கூடும் என்று இதற்கு அர்த்தமில்லை. காலின் பலம், வளையும் தன்மை, சமநிலை எல்லாம் எந்த அளவில் இருக்கின்றன என்பதை அது காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். திதிக்கு மறுவாரம் நான் எடுத்த மதிப்பெண் 5. அப்பாவையும் செய்யச் சொன்னேன். என்ன விஷயம் என்று கேட்காமலே உட்கார்ந்து எழுந்தார், 9.5.

கடைசிப் பரிசோதனையில் சர்க்கரை 5.8. இரவில் சோற்றையும் பாதியாகக் குறைத்திருந்தேன், அதனால் எல்லாப் பெருமையையும் படிகளுக்கே கொடுக்க முடியாது.

இந்த ஐப்பசியில் மறுபடி திதி வந்தது. அதே கூடம், அதே வரிசை. தம்பி பக்கத்தில் தயாராகத் தோளைச் சாய்த்தான். "இருடா" என்றேன். இடது கையை ஒருமுறை ஊன்றி, எழுந்தேன். அப்பா அதற்குள் கை கழுவிவிட்டு வந்து, வெற்றிலைத் தட்டை எடுக்க மறுபடி உட்கார்ந்துகொண்டிருந்தார்.